திங்கட்கிழமை வரை சீழ் காத்திருக்காது

தமிழ்நாடு அரசு மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், வடசென்னை அரசு மருத்துவமனைகளின் அறுவைச் சிகிச்சை, மயக்கவியல், அவசரப் பிரிவுப் பொறுப்பில் இருக்கும் மருத்துவர்களுக்கும்,

வணக்கம்.

ஆசனவாய்க்குப் பக்கத்தில் வரும் சீழ்க்கட்டியைப் பற்றி ஊரறிய ஒரு மடலா என்று எங்கள் வீட்டிலேயே முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும். இதயத்துக்கு மாரத்தான் ஓடுகிறார்கள், புற்றுநோய்க்கு ரிப்பன் குத்திக்கொள்கிறார்கள். இந்தக் கட்டிக்காக யாரும் மெரினாவில் ஓடப் போவதில்லை. வந்தவரால் நடக்கவே முடியாது என்பது வேறு விஷயம்.

நான் அரசு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை வார்டிலும் தியேட்டரிலும் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். எந்த மருத்துவமனை என்று சொல்லப் போவதில்லை. நான் சொல்ல வருவது ஒரு கட்டடத்தின் குறை அல்ல.

கேட்பது ஒன்றுதான். இந்தக் கட்டியோடு அவசரப் பிரிவுக்கு வருகிறவரை மாத்திரை எழுதிக் கொடுத்து, “திங்கட்கிழமை ஓ.பி.க்கு வாங்க” என்று அனுப்பாதீர்கள். சீழ் இருக்கிறதென்றால் அன்றைக்கே கீறி வெளியேற்றுங்கள். அன்றைக்கு முடியவே முடியாதென்றால் 24 மணி நேரத்துக்குள். சர்க்கரை நோயோ, நடுங்கும் காய்ச்சலோ, பரவும் சிவப்போ இருந்தால் அந்த 24 மணி நேரமும் அவருக்குக் கிடையாது.

வடசென்னையில் இதற்கென்று ஒரு கிழமைக் கணக்கு உண்டு. காசிமேட்டு விசைப்படகுகளில் வேலை செய்பவர்கள் கடலில் நாள் கணக்கில் தங்குகிறார்கள். கட்டி கடலில் கிளம்பினால் படகைத் திருப்ப முடியுமா? டீசல் போட்டவர் ஒத்துக்கொள்வாரா? வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு நின்றபடியே வலை இழுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மீன் சந்தைக்குப் படகு கரை சேரும். ஏலம் முடிந்து, பங்குப் பணம் கைக்கு வந்து, வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு மருத்துவமனைக்கு வரும்போது ஞாயிறு மதியம் தாண்டிவிடும். எண்ணூர், மணலிச் சாலைகளில் கன்டெய்னர் லாரி வரிசையில் கிடக்கும் ஓட்டுநர்களும் லோடு இறக்கிய பிறகுதான் வருவார்கள். அந்த நேரத்தில் அவசரப் பிரிவில் ஒரு பயிற்சி மருத்துவர் (ஹவுஸ் சர்ஜன்), மேற்படிப்பு படிக்கும் மருத்துவர் (பி.ஜி.) ஒருவர், எங்களைப் போல ஒன்றிரண்டு சிஸ்டர்கள். தியேட்டரில் குடல் ஓட்டைக் கேஸ் ஓடிக்கொண்டிருக்கும். “இது எமர்ஜென்சி இல்லப்பா, நாளைக்குக் காலைல ஓ.பி. சீட்டு போட்டு வா” என்று சொல்வது அவ்வளவு சுலபம். சொல்கிறவர் கெட்டவர் இல்லை, தூங்காதவர். மறுநாள் ஓ.பி. வரிசையில் உட்கார முடியாத மனிதர் நின்றுகொண்டிருப்பார். அந்த யூனிட்டுக்கு அன்று அட்மிஷன் நாளாக இல்லாவிட்டால் வேறொரு நாள் சொல்லப்படும்.

இந்தத் தாமதத்துக்கு மக்களிடம் ஒரு பெயர் இருக்கிறது: பழுக்கட்டும். வீட்டில் பாட்டி சொல்வார், மெடிக்கல் ஷாப்பில் சொல்வார்கள், சில சமயம் மருத்துவமனையிலும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கையிலோ முதுகிலோ வரும் கட்டிக்கு அது ஓரளவு பொருந்தலாம். கட்டி மெத்தென்றாகி, மஞ்சள் முனை தெரிந்து, தானே உடையும். ஆசனவாய்ப் பக்கம் அந்த நியாயம் செல்லாது. இங்கே சீழ் பிறப்பது தோலில் இல்லை, உள்ளே. ஆசனக் கால்வாயின் நடுவில் பல் வரிசை போன்ற ஒரு கோடு உண்டு. அங்கே வாய் திறக்கும் சின்னச் சின்னச் சுரப்பிகள் அடைத்துக்கொண்டு அழுகத் தொடங்குவதால்தான் பத்தில் ஒன்பது கட்டிகள் வருகின்றன. அங்கிருந்து சீழ் சுருக்குத் தசைகளுக்கு நடுவே வழி பிடிக்கும். கீழே இறங்கித் தோலுக்கு வந்தால் நோயாளிக்கு நல்ல காலம், கண்ணுக்குத் தெரியும். பக்கவாட்டில் போனால் அங்கே ஒரு பெரிய கொழுப்புக் குழி. எவ்வளவு சீழையும் அது வாங்கிக்கொள்ளும், வெளியே தோல் கல்லாக மட்டும் இருக்கும். பின்பக்கமாகச் சுற்றி மறுபுறமும் போனால் குதிரை லாட வடிவில் இரண்டு பக்கமும் சீழ். விரலால் அமுக்கிப் பார்த்து “இன்னும் மெத்தென்று ஆகவில்லை” என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்குள் பாதிக் கிண்ணம் சீழ் இருந்ததைத் தியேட்டரில் பார்த்திருக்கிறேன். இவையெல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் பாடம் நடத்தவில்லை, அவசரப் பிரிவின் வாசலில் இது மறந்துபோகிறது என்கிறேன்.

வெளியே எதுவுமே தெரியாத வகையும் உண்டு. இரண்டு தசைகளுக்கு நடுவிலேயே சீழ் தங்கிவிடும். வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை. ஆள் மட்டும் உட்கார மாட்டார், மலம் போக மாட்டார், இருமினால்கூடத் துடிப்பார். விரல் விட்டுப் பார்க்கவும் விட மாட்டார். “மூலமா இருக்கும்” என்று களிம்போடு அனுப்பப்படுபவர் பெரும்பாலும் இவர்தான். வலி அந்த அளவுக்கு இருந்து, பார்க்கவே விடவில்லை என்றால், மயக்கம் கொடுத்துப் பார்ப்பதுதான் சோதனை. ஸ்கேன் எல்லாருக்கும் வேண்டியதில்லை. மேலே இடுப்புக் குழிக்குள் சீழ் போயிருக்குமோ, மறுபடி மறுபடி வருகிறதோ என்று சந்தேகம் வரும் இடத்தில் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எம்.ஆர்.ஐ. கிடைக்கவில்லை என்பதற்காகக் கண் முன்னால் தெரியும் கட்டி காத்திருக்கக் கூடாது.

இனி சர்க்கரை.

2023-ல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ‘இண்டியாப்’ (INDIAB) ஆய்வு இந்த நாட்டில் நீரிழிவோடு வாழ்பவர்கள் 10 கோடிப் பேர் என்றது. அவர்களில் பலருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. தெரிய வருவது ஒரு கட்டியால்தான். 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரை பார்க்கிறீர்கள், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் விடியற்காலையில் ஹார்பருக்குப் போய் இரவில் திரும்புகிற ஆண், களப்பணியாளர் கதவைத் தட்டும் நேரத்தில் வீட்டில் இருப்பதில்லை. அவரே கட்டியோடு உங்கள் வாசலுக்கு வந்து நிற்கும்போது விரல் நுனியில் ஒரு குத்து, சர்க்கரை கைமீறிவிட்டதா என்று காட்டும் கீட்டோன் சோதனை சிறுநீரில், சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி.க்கு ஒரு குழாய் ரத்தம். மாத்திரை எழுத ஆகும் நேரத்தில் முதலிரண்டும் முடிந்துவிடும்.

பார்க்காமல் அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒருவரைச் சொல்கிறேன். டிரெய்லர் ஓட்டுநர், நாற்பதைத் தாண்டியவர். வெள்ளிக்கிழமை எங்கோ ஓரிடத்தில் ஆன்டிபயாட்டிக்கும் வலி ஊசியும் கொடுத்திருக்கிறார்கள். யாரும் சர்க்கரை பார்க்கவில்லை. எங்களிடம் வந்தபோது ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளுவதற்கு முன்பே வாடை வந்தது. விதைப்பை கறுத்திருந்தது, தோலை அழுத்தினால் உள்ளே காற்று நொறுநொறுத்தது. 1883-ல் பாரிஸ் மருத்துவர் ஃபூர்னியே விவரித்ததால் அவர் பெயரையே தாங்கி நிற்கும் அழுகல் நோய் இது. நல்ல மருத்துவமனைகளிலும் உயிரைக் கொண்டுபோகக்கூடிய நோய். இவர் பிழைத்தார். திரும்பத் திரும்பத் தியேட்டருக்குக் கொண்டுபோய்ச் செத்த தசையை வெட்டி எடுத்தார்கள், மலம் புண்ணில் படாமலிருக்க வயிற்றில் வழி வைத்தார்கள், தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். ஐ.சி.யூ. படுக்கை, ரத்தம், அத்தனை பேருடைய இரவுகள். வெள்ளிக்கிழமையே கீறியிருந்தால் அது அரை மணி நேர வேலை. தியேட்டர் நேரம் இல்லை என்ற காரணத்தால் தள்ளிவைத்தது, கடைசியில் யாருடைய தியேட்டர் நேரத்தைச் சாப்பிட்டது?

இதை ஒரு செவிலியரின் புலம்பலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உலக அவசர அறுவைச் சிகிச்சைச் சங்கமும் அமெரிக்காவின் விபத்து அறுவைச் சிகிச்சைச் சங்கமும் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதையேதான் சொல்கிறது: சிகிச்சை என்பது கீறிச் சீழை வெளியேற்றுவது, எவ்வளவு சீக்கிரம் என்பதை உடலில் நஞ்சு பரவியிருக்கும் அளவு முடிவு செய்யும். ஆன்டிபயாட்டிக் என்பது நஞ்சு பரவியவருக்கும், சர்க்கரை போன்ற காரணங்களால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கும், சுற்றிலும் தோல் சிவந்து பரவியவருக்கும் கூடுதல் துணை. கத்திக்கு மாற்று இல்லை. சிறிய, தோலடிக் கட்டியோடு வரும் திடமான இளைஞருக்குப் படுக்கைகூட வேண்டாம். மைனர் தியேட்டரில் மரப்பு ஊசி போட்டுக் கீறிவிட்டு அன்றே வீட்டுக்கு அனுப்பலாம். ஆக, எல்லாரையும் சேர்த்துப் படுக்க வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. யாரை இப்போதே, யாரை விடிவதற்குள், யாரை மைனர் தியேட்டரில் என்று பிரிக்கத் தெரிந்த ஒருவர் அன்றைக்கே தொட்டுப் பார்க்க வேண்டும்.

படுக்கை இல்லை என்ற பதிலைப் பற்றியும் ஒரு வரி. மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்த ஒரு விவசாயத் தொழிலாளியை அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாக இடமில்லை என்று திருப்பியனுப்பிய வழக்கில், 1996-ல் உச்ச நீதிமன்றம் அது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவை மீறுவது என்று தீர்ப்பளித்தது. விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்காக ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ என்று மணிக் கணக்கை அரசாணையாக்கிய துறை உங்களுடையது. மணிக் கணக்கு உங்களுக்குப் புதிதில்லை.

சேர்த்துக்கொண்ட பிறகு நடப்பதைத்தான் நான் அதிகம் பேச வேண்டும். ஏனென்றால் அங்கே நின்றவள் நான்.

காலையில் கேஸ் ஷீட்டில் “ஒன்றும் வாயில் கொடுக்கக் கூடாது” என்று எழுதுவார்கள். முதல் கேஸ் விபத்து. அடுத்தது குடல்வால். அதற்குள் ஓர் ஓட்டைக் குடல் வரும். சீழ்க்கட்டி கடைசி, ஏனென்றால் அது அழுக்குக் கேஸ், அதற்குப் பிறகு தியேட்டரைக் கழுவ வேண்டும். இரவு எட்டு மணிக்கு அனஸ்தீஷியா டாக்டர் போன் செய்து, “அந்தக் கட்டிய நாளைக்குப் பாத்துக்கலாம்” என்பார். ஆள் அதுவரை பச்சைத் தண்ணீர் குடித்திருக்க மாட்டார். சர்க்கரைக்காரராக இருந்தால் இன்சுலின் ஊசியையும் நிறுத்தியிருப்போம் அல்லது ஊசி போட்டுவிட்டுச் சாப்பாடு இல்லாமல் வைத்திருப்போம். இரண்டும் தப்பு. ராத்திரி வார்டில் சாப்பாட்டு வண்டி போன பிறகு அவருக்கு பன்னும் டீயும் வாங்கிவர அட்டெண்டரை அனுப்புவோம். நள்ளிரவு தாண்டினால் மறுபடி பட்டினி. “சிஸ்டர், பசிக்குதுன்னுகூட சொல்லல, தண்ணியாச்சும் குடுங்க” என்று கேட்ட பெரியவரிடம் என்ன சொல்வது? திட உணவுக்கு ஆறு மணி நேரம், வெறும் தண்ணீருக்கு இரண்டு மணி நேரம் போதும் என்பது மயக்கவியலின் சொந்த விதி. அதை மீறி நாள் முழுக்கக் காயவிடுவதை எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

இதற்கு வழி பெரிய செலவு இல்லை. அவசரத் தியேட்டரில் தினமும் ஒரு நேரத்தைச் சீழ் கேஸ்களுக்கு என்று ஒதுக்குங்கள், ஞாயிறும் சேர்த்து. மேஜர் தியேட்டர் கிடைக்காவிட்டால் இன்னொரு அறையில் முதுகு ஊசியோடு செய்யும் ஏற்பாடு. அழுக்குக் கேஸ் எல்லாம் ஒரே வரிசையில் வந்தால் கழுவுவதும் ஒரே தடவை. எந்த நேரம் என்று முன்கூட்டியே தெரிந்தால் சாப்பாட்டையும் ஊசியையும் கணக்குப் பண்ணிக்கொள்ள வார்டில் இருக்கும் எங்கள் செவிலியப் பிள்ளைகளுக்குத் தெரியும். நஞ்சு பரவியவர் இந்த வரிசையில் வர மாட்டார். அவர் குடல் ஓட்டைக்குச் சமமாக முன்னால் போவார்.

கத்தி பிடிக்கும் கை பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை என்பீர்கள். ஒன்றை மட்டும், பார்த்த வரையில். கீறல் ஆசனவாய்க்குக் கிட்ட இருந்தால் பின்னால் பவுத்திரம் (உள்ளிருந்து தோலுக்குச் சீழ் வடியும் குழாய்ப் பாதை) வந்தாலும் அதன் பாதை குட்டையாக இருக்கும் என்று ஒரு சீஃப் ஒவ்வொரு பி.ஜி.க்கும் சொல்லிக்கொண்டே இருப்பார். அதே வேளையில் சிவந்து வீங்கிய சதையில் கம்பியை விட்டுப் பவுத்திர வாயைத் தேடக் கூடாது என்றும் திட்டுவார். இல்லாத பாதையைக் கம்பியே உண்டாக்கிவிடும், தசை போனால் மலக் கட்டுப்பாடு போய்விடும். நடு இரவில் தனியாக நிற்கும் முதலாண்டுப் பையனுக்கு இந்த இரண்டு வரியும் சுவரில் ஒட்டியிருந்தால் நல்லது. கட்டி திரும்ப வந்தவருக்கும், புண் ஆறாதவருக்கும் சீழோடு ஒரு துண்டுத் திசுவும் எடுத்துக் காசநோய்க்கு அனுப்புங்கள். நம் பக்கத்தில் அது அபூர்வமான சந்தேகம் இல்லை.

பெண்கள். இவர்கள் வருவதே கடைசியில். வீட்டில் மாமியாரிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள். கட்டி முன்பக்கமாக இருந்தால் பெண்ணுறுப்பு வாயிலில் வரும் பார்த்தோலின் சுரப்பிக் கட்டியா, ஆசனவாய்க் கட்டியா என்ற குழப்பத்தில் மகப்பேறு பக்கம் அனுப்புவார்கள், அங்கிருந்து சர்ஜரி பக்கம் திருப்புவார்கள். ஆட்டோ கூலி அவர்களுடையது. பெண்களுக்கு முன்பக்கச் சுருக்குத் தசை ஏற்கெனவே குட்டை, பிரசவத்தில் கிழிந்திருக்கவும் கூடும். அனுபவம் இல்லாத கை தொடக் கூடாத இடம் அது. இரண்டு துறையும் நோயாளி இருக்கும் இடத்துக்கே வந்து பார்க்கட்டும். பார்க்கும்போது ஒரு திரை, பெண் மருத்துவர் இருந்தால் அவர், இல்லாவிட்டால் பக்கத்தில் ஒரு சிஸ்டர். காரிடாரில் ஸ்ட்ரெச்சரில் வைத்து ஆசனவாயைச் சோதிப்பது ஆண்களுக்கும் அவமானம்தான். அதனாலேயே பாதிப் பேர் எலக்ட்ரிக் ரயில் பெட்டியிலும் மின்கம்பத்திலும் ஒட்டியிருக்கும் ‘மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல்’ நோட்டீஸைப் பார்த்துப் போகிறார்கள். பழைய பவுத்திரத்துக்குத் தகுதியான சித்த, ஆயுர்வேத மருத்துவர்கள் கையாளும் மருந்து நூல் சிகிச்சை வேறு, அதை நான் குறை சொல்லவில்லை. பதிவே இல்லாத அறையில் சீழ்க் கட்டிக்குள் ஊசி ஏற்றுகிறவர்களைத்தான் சொல்கிறேன். 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது, நோட்டீஸில் போன் நம்பரும் இருக்கிறது.

வீட்டுக்கு அனுப்பும்போது “டப்பில் வெந்நீர் ஊற்றி உட்காருங்க, தினமும் டிரெஸ்ஸிங் மாத்துங்க” என்கிறோம். புளியந்தோப்பிலும் கொருக்குப்பேட்டையிலும் ஒற்றை அறை வீட்டில் அந்த டப்பை எங்கே வைப்பது? பொதுக் கழிப்பறை வரிசையில் வெந்நீர் வாளியோடு நிற்பதா? மலம் கழித்ததும் ஒரு சொம்பு வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவி, சுத்தத் துணியால் ஒற்றி, பஞ்சுப் பட்டையை உள்ளாடையில் வைத்துக்கொள்ளச் சொன்னால் செய்வார்கள். குழிக்குள் துணி திணித்து நாள்தோறும் பிடுங்குவதும் அவசியமா என்று யோசியுங்கள். பிரிட்டனில் 400-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்து 2022-ல் வெளியான ஆய்வில் திணிக்காதவர்களுக்கு வலி குறைவு, பவுத்திரமோ கட்டியோ கூடுதலாக வந்துவிடவில்லை. தினமும் டிரெஸ்ஸிங் தேவைப்படுகிறவருக்குத் தெருக்கோடி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள், எண்ணூரிலிருந்து இதற்காக பஸ்ஸில் நின்றுகொண்டு வர வேண்டாம். பலருக்குப் பின்னால் பவுத்திரம் வரலாம் என்பதையும் அன்றைக்கே தமிழில் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், “சரியா ஆபரேஷன் பண்ணல” என்று அந்த மின்கம்ப நோட்டீஸுக்குத்தான் போவார்.

இது நடக்கிறதா இல்லையா என்று பார்க்கக் குழுவோ செயலியோ வேண்டாம். அவசரப் பிரிவுப் பதிவேட்டில் ஆள் வந்த நேரம் இருக்கிறது. தியேட்டர் பதிவேட்டில் கீறிய நேரம் இருக்கிறது. மாதம் ஒரு நாள் இரண்டு பதிவேட்டையும் ஒரே மேஜையில் விரித்து, சீழ்க்கட்டி என்று எழுதிய வரிகளை மட்டும் சேர்த்துப் பாருங்கள். கிழமையையும் குறித்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறு வந்தவர்களுக்கும் செவ்வாய்க்கிழமை வந்தவர்களுக்கும் எத்தனை மணி நேரம் வித்தியாசம் என்பதை மருத்துவமனை வாரியாக வெளியிடுங்கள். தியேட்டர் பதிவேட்டில் வராமலே போனவர்களின் பெயர்கள் முதல் பதிவேட்டில் இருக்கும். அவர்களுக்கு ஒரு போன் செய்து கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு செவிலியர்,
பழைய வண்ணாரப்பேட்டை